டோரிஸுக்கு ஒரு நீத்துப்பூசணி

உ
கொட்டாஞ்சேனை,
13.1.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

சாலா எழுதுவது. இங்கே அப்பச்சி நலம், ஆத்தா நலம், நானும் நலம். என் கணித மார்க் மட்டும் படுத்த படுக்கை. உங்கள் நலத்தை ஒளிக்காமல் எழுதவும். இருமல் இருந்தால் இருமல் என்று எழுதவும். போன தடவை மாதிரி "ஏதோ இருக்கிறேன்" என்று எழுதி ஆத்தாவை அழவைக்க வேண்டாம்.

நீங்கள் சொன்ன வேலையை முடித்துவிட்டேன். மண்ணெண்ணெயும் அப்பச்சியின் பழைய பிளேடும் எடுத்துக்கொண்டு, நம் ஜீப்பின் பானட்டில் இடதுபக்கமாகச் சுரண்ட உட்கார்ந்தேன். பச்சைக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே இன்னொரு பச்சை. மரமாகப் பிறந்திருக்க வேண்டியது, தப்பி ஜீப்பாகப் பிறந்துவிட்டது. பொறுமை போகிற நேரத்தில் வெள்ளையாக ஓர் எழுத்து எட்டிப் பார்த்தது. முழுவதும் சுரண்டினால், ஆங்கிலத்தில் 'டோரிஸ்'! பக்கத்தில் ஒரு சின்னப் பூ வேறு. பர்மாச் சண்டைக்குப் போன வெள்ளைக்காரச் சிப்பாய் எவனோ தன் காதலியின் பேரை எழுதி வைத்திருக்கிறான்.

ஆத்தா வந்து பார்த்தாள். "யாருடி இவ, டோரிஸு?"

"அப்பச்சியோட மூத்தாள். உங்களைக் கட்டுறதுக்கு முந்தியே வீட்டுக்கு வந்துட்டா."

அப்பச்சி பேப்பருக்குப் பின்னால் இருந்து சிரித்ததில் பேப்பர் குலுங்கியது. ஆத்தா விடுவாளா? "அதான பார்த்தேன், மாசா மாசம் அவளுக்கு மட்டும் எண்ணெய்க் குளியல்" என்றாள்.

பிறகு அப்பச்சி பழைய கதையை மறுபடி சொன்னார். யுத்தம் முடிந்து இராணுவம் வண்டிகளை ஏலம் போட்டபோது, குண்டுத் துளை உள்ள வண்டி அபசகுனம் என்று எல்லாரும் ஒதுங்கினார்களாம். அப்பச்சி மட்டும், "ஓட்டினவன் என்ன ஆனான்?" என்று கேட்டாராம். குண்டு முழங்காலை உரசிக்கொண்டு போய்விட்டது, ஆள் பிழைத்துவிட்டான் என்றார்களாம். "நம்பி உக்காந்தவனைக் கைவிடாத வண்டி" என்று அன்றைக்கே வாங்கிவிட்டார். ஆயுத பூசைக்கு அந்தத் துளைக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறபோதெல்லாம் கேட்ட கதைதான். ஆனாலும் டோரிஸின் பேர் தெரிந்த பிறகு கேட்க வேறு மாதிரி இருந்தது.

ஒரு ஞாபகமூட்டல். ஆடியில் எனக்குப் பதினெட்டு. ஆடிவேல் திருவிழாவில் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படும்போது, தண்ணீர்ப் பீப்பாயும் பானகமும் ஏற்றிக்கொண்டு பின்னால் போவது நம் ஜீப். இந்த வருடம் அதை ஓட்டுவது நான். கட்டுநாயக்கவில் விமானம் ஏறும்போது அப்பச்சி முன்னிலையில் நீங்கள் தந்த வாக்கு: "ஸ்டியரிங் சாலாவுக்கு." பஞ்சிகாவத்தை மெக்கானிக் பௌஸி நானாவிடம் ஓட்டப் பழகுகிறேன். முன்னால் நன்றாகப் போகிறேன். ரிவர்ஸ்தான் வரவில்லை. "நான் முன்னேறப் பிறந்தவள் நானா" என்று சொல்லிவிட்டேன்.

படம் உள்ளே இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? படிப்பை விட்டுப் படம் சேர்க்கிறீர்களா?

உங்கள் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய,
சாலா


லண்டன்,
2.2.1974

அன்புத் தங்கை சாலாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இருமல் இருக்கிறது; எழுதிவிட்டேன், திருப்திதானே? அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் என் வணக்கம். இங்கே நிலக்கரித் தகராறில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கிறது. எங்கள் அறையில் மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணினால் குற்றம் என்னுடையதல்ல.

டோரிஸைப் பார்த்து வாய்விட்டுக் கத்திவிட்டேன். இங்கே பழைய யுத்த வண்டி என்றால் உயிரை விடுகிற ஒரு கூட்டம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் அதில் பைத்தியம். அவருக்குக் காட்டத்தான் கேட்டேன். குண்டுத் துளையைக் கிட்டத்தில் ஒரு படம், டாஷ்போர்டில் உள்ள பழைய தகட்டை ஒரு படம் எடுத்து அனுப்பு. எஞ்சின் நம்பரையும் எழுது. பேரின் மேல் மறுபடி பெயின்ட் அடித்துவிடாதே. அப்பச்சியை இதற்கெல்லாம் தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஸ்டியரிங் உனக்குத்தான். மறக்கவில்லை.

அன்புடன்,
ஏகப்பன்


உ
கொட்டாஞ்சேனை,
24.2.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாவரும் நலம், பாண் ரொட்டி வரிசையில் நின்று நின்று கால்கள் மட்டும் நலமில்லை. 'எங்கள் அறை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் 'கள்' யார்? நீங்களும் இருமலுமா?

கேட்ட படங்கள் உள்ளே. இப்போது பெரிய செய்தி. ஜீப்பை விலைக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டது!

பேர் ஹியூபேட். வெள்ளவத்தையில் இருக்கிற பறங்கியர், அறுபது வயது இருக்கும். தொப்பி, வெள்ளைக் காற்சட்டை, வெயிலில் பழுத்த மூக்கு. பழைய வாகனம் வாங்கி விற்கிறவராம். வாசலுக்குள் வந்தவர் நேரே ஜீப்பின் இடதுபக்கம் போய், நான் போட்டிருந்த சாக்கைத் தூக்கி, "ஆ, டோரிஸ்!" என்றார், அத்தை மகளைக் கண்ட மாதிரி. தரகர்களுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்கிறதோ.

அப்பச்சி கோப்பி கொடுத்து உட்காரவைத்து, "மூத்த மகன் ஓம் சொல்லாம நான் விக்க மாட்டேன். அவனுக்கும் உரிமையான வண்டி" என்றார். ஓட்டிப் பார்க்க மட்டும் சம்மதித்தார். அந்த இடைவெளி எனக்குப் போதாதா? பால்மாத் தகரப் பேணி ஒன்றில் கண்ணாடிப் போளைக் குண்டுகளைப் போட்டு, பின் சில்லுக்குப் பக்கத்தில் அடியில் கட்டிவிட்டு, நல்ல பிள்ளையாக முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். சந்தியைக்கூடத் தாண்டவில்லை, கடகடகடவென்று சத்தம்.

"என்ன சவுண்ட் இது பேபி?"

"அதுவா அங்கிள்? யுத்த காலத்துச் சாமான் ஏதோ இன்னும் வெடிக்காம உள்ளுக்குக் கிடக்கெண்டு மெக்கானிக் சொன்னவர். மெதுவாப் போனா ஒண்டும் செய்யாது."

மனுசன் பிரேக் போட்ட வேகத்தில் தொப்பி ரோட்டில் விழுந்தது. தொப்பியை எடுக்க இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. பஸ்ஸில் போய்விட்டார்.

ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பச்சிக்கு நெஞ்சுவலி வந்துபோன பிறகு யார் எது கேட்டாலும் யோசிக்கிறார். முன்பு யோசிக்கவே மாட்டார். நீங்கள் உடனே அப்பச்சிக்கு 'முடியாது' என்று எழுதுங்கள். கொட்டை எழுத்தில்.

உங்கள் இலங்கைப் பிரதிநிதி,
சாலா


லண்டன்,
20.3.1974

அன்புள்ள சாலாவுக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலம்தானே? அப்பச்சி மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா? பரீட்சை நெருக்கடியில் பதில் தாமதம், கோபிக்காதே.

பேணிக் கதையை வாசித்துச் சிரித்து முடியவில்லை. அடியில் எந்த இடத்தில் கட்டினாய்? ஹியூபேட் மறுபடி வரமாட்டார் என்று நினைக்காதே. வந்தால் என்ன செய்வதாக உத்தேசம்? முன்கூட்டியே எழுது. இங்கே சிரிப்பதற்கு எனக்கு வேறு ஒன்றும் இல்லை. உன் திட்டங்கள்தான்.

பாடு கொஞ்சம் கஷ்டம்தான். அப்பச்சி அனுப்ப நினைத்தாலும் அங்கிருந்து ஒரு பவுண் வெளியே வர அரசாங்கம் விடாது. சரி, அது உனக்கு எதற்கு.

அப்பச்சிக்குத் தனியே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஏகப்பன்


உ
கொட்டாஞ்சேனை,
31.3.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் வயிறு காயாமல் இருக்கிறீர்களா என்று ஆத்தா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததா என்று அப்பச்சியிடம் கேட்டேன். "வந்துச்சு. நல்லா இருக்கானாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் புறப்பட்டுவிட்டார். 'முடியாது' என்று எழுதினீர்கள்தானே?

நீங்கள் சொன்னது சரி. ஹியூபேட் மறுபடி வருகிறார், புதுவருசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை என் திட்டம் இரட்டைக் குழல் துப்பாக்கி. முதலாவது, மட்டக்குளியில் வாங்கிய சுறாக் கருவாடு. பின்சீட்டு முதுகுத் தகட்டைக் கழற்றி உள்ளே வைத்துத் திருகிவிடுவேன். வெயில் ஏற ஏறப் பர்மா யுத்தமே தோற்றுப்போகும். இரண்டாவது, டோரிஸின் ஆவி. கருவிப் பெட்டிக்குள் ஒரு ஸ்பானரைத் தொங்கவிட்டு, தூண்டில் நூலை மதிலுக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டேன். அவர் உட்கார்ந்ததும் டொக், டொக். "டோரிஸுக்கு வேற ஆள் ஓட்டுறது பிடிக்காது அங்கிள்" என்று நான் முகத்தைத் தொங்கப்போடுவேன்.

ஒத்திகை பார்த்தாயிற்று. கருவாட்டைத் திருகி மூட பௌஸி நானா உதவி செய்தார். "உன்னைக் கட்டுறவன் பாவம் மகள்" என்றார். அவரையும் உங்களையும் தவிர யாருக்கும் தெரியாது.

தளபதி,
சாலா


உ
கொட்டாஞ்சேனை,
28.4.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருக்கிறீர்கள் என்று நானே எழுதிக்கொள்கிறேன்.

திட்டம் நாசம். ஹியூபேட் இந்தத் தடவை சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பின்சீட்டுத் தகட்டைக் கழற்றினார், பொட்டலத்தை எடுத்தார், முகர்ந்து பார்த்தார். "இது லஞ்சுக்கா பேபி?" என்றார். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மதிலுக்குப் பின்னால் இருந்து நான் டொக் டொக் என்றேன். அவர் கருவிப் பெட்டியைத் தட்டி, "கம் இன், டோரிஸ் டார்லிங்" என்றார். அப்பச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மதிலுக்குப் பின்னால் நூலும் கையுமாக நான். டோரிஸின் ஆவி நானாகவே ஆகிவிடலாம் போல இருந்தது.

அவருக்கு எப்படித் தெரியும்? பௌஸி நானாதான். வேறு யார்? மறுநாளே பஞ்சிகாவத்தைக்குப் போனேன். "எவ்வளவு சல்லி குடுத்தவர் நானா?" என்று வேலை செய்கிறவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டேன். அவர் ஜாக்கியில் தூக்கிய காருக்குக் கீழே படுத்திருந்தார். எழும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். "போ மகள், வீட்ட போ" என்றார். அவ்வளவுதான். ஓட்டப் பழக இனிப் போக முடியாது.

ஒரே ஆறுதல். ஹியூபேட் போகும்போது அப்பச்சி, "ஆடிவேல் கழியட்டும் மிஸ்டர் ஹியூபேட். அதுக்குப் பிறகு பேசுவோம்" என்றார். அண்ணே, ஏன் அப்படிச் சொன்னார்? நீங்கள் 'முடியாது' என்று எழுதியிருந்தால் 'முடியாது' என்று சொல்லியிருக்க வேண்டுமே?

உடனே எழுதுங்கள்.

சாலா


லண்டன்,
19.5.1974

அன்புள்ள சாலாவுக்கு,

எல்லாரும் நலமென்று நம்புகிறேன். இங்கே குளிர் விட்டுவிட்டது, இருமலும் விட்டுவிட்டது.

பௌஸி நானாவைப் பற்றிய உன் சந்தேகம் நியாயமானதுதான். மெக்கானிக்கும் தரகரும் ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்கிறவர்கள். இனி அவரிடம் எதையும் சொல்லாதே. எனக்கு மட்டும் எழுது.

தோல்வியைப் பெரிதாக எடுக்காதே. சுறாவை அந்த மனுசன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரித்துச் சாப்பிட்டாராமே, உன் கருவாடு ஒரு வயிற்றையாவது நிரப்பியதே! இன்னொன்றும் சொல்கிறேன் சாலா. எவ்வளவு சந்தனம் பூசினாலும் இரும்பு இரும்புதான். அப்பச்சிக்கு வயதாகிறது. நீயும் ஒருநாள் கல்யாணமாகிப் போய்விடுவாய். யோசித்துப் பார்.

ஆடிவேல் வரை அப்பச்சி மனம் மாறுவாரா? உன் அபிப்பிராயம் என்ன?

அன்புடன்,
ஏகப்பன்


உ
கொட்டாஞ்சேனை,
2.6.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

யாவரும் பரம சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்குத் தினமும் சிவன் கோயிலில் கும்பிடுகிறேன்.

அப்பச்சி மனம் மாறுவாரா என்று கேட்டீர்கள். மாறிவிட்டார். இது உங்களுக்கு மட்டும். ஊரிலிருந்து வந்த ஒரு சோதிடர், ஜீப்பை எவருக்குக் கொடுக்கலாம் என்று அப்பச்சிக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில், செருப்பில்லாமல், ஒரு நீத்துப்பூசணிக்காயைத் தோளில் சுமந்துகொண்டு, கொட்டாஞ்சேனைச் சந்தியிலிருந்து நடந்து வந்து கேட்கிறவருக்குத்தான் கொடுக்க வேண்டுமாம். தோளில்தான் சுமக்க வேண்டும். கையில் என்றால் செல்லாது. அப்படி ஒருவர் வந்து நின்றால் மறுபேச்சுப் பேசமாட்டாராம்.

கொழும்பில் இப்படிச் செய்கிற பைத்தியம் யார் இருக்கப்போகிறார்கள்? ஆகவே நம் டோரிஸ் பத்திரம். ஹியூபேட் காதில் மட்டும் இது விழுந்துவிடக் கூடாது. அதனால்தான் ஆத்தாவிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

உங்களை நம்பும்,
சாலா


உ
கொட்டாஞ்சேனை,
30.6.1974

அண்ணனுக்கு,

இங்கே யாவரும் நலம்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. காலையில் தெருவில் ஒரே கூச்சல். வாசலுக்கு ஓடினேன். ஹியூபேட் வந்துகொண்டிருந்தார். தோளில் நீத்துப்பூசணிக்காய். அதன் சாம்பல் வெள்ளைச் சட்டையெல்லாம் அப்பியிருந்தது. சப்பாத்து இல்லை. காற்சட்டையை மடித்துவிட்டிருந்தார். தார் சுட்டதில் கொக்கு மாதிரி ஒவ்வொரு காலாக வைத்துத் துள்ளித் துள்ளி வந்தார். பின்னால் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஊர்வலம்.

என் வாழ்க்கையில் நான் செய்த குறும்புகளிலேயே இதுதான் பெரியது. தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஆத்தா, "யாருக்கு நேர்த்திக்கடன்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டே, "ஸொரி பேபி, கொஞ்சம் லேட். தோளிலதான் வைக்கணும், கையில வைக்கக் கூடாதெண்டு உங்கட அண்ணா எழுதினவர். சரிதானே?" என்றார்.

சரிதான் என்றேன்.

அவரில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் மதத்தில் அப்படித்தான் என்று நம்பி, அறுபது வயதில் வெறுங்காலோடு நடந்த மனுசன். சுறாக் கருவாட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதை நான் உங்களுக்கு எழுதவே இல்லை அண்ணே. வெட்கத்தில் விட்டுவிட்டேன். அது உங்கள் கடிதத்தில் இருந்தது. அதை வாசித்த அன்றே, அவருக்கு உளவு சொல்வது யார் என்று தெரிந்தது. ஆனாலும் பூசணிக்காய் வராமல் போகவேண்டும் என்றுதான் வெள்ளிக்கு வெள்ளி வாசலில் நின்றேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அப்பச்சி வெளியே வந்தார். ஹியூபேட்டின் கால்களைப் பார்த்தார், பூசணிக்காயைப் பார்த்தார். சோதிடராவது, மண்ணாவது, அது நான் கட்டிய கதை; அவருக்கு ஒன்றும் தெரியாதே! செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தானே அவர் காலில் ஊற்றினார். "வண்டி கைமாறப் பூசணிக்காய் உடைக்கணும்னு தெரிஞ்சு, வெறுங்காலோட சுமந்துக்கிட்டு வந்திருக்கார். நம்ம சாதிசனத்துலயே இப்ப யாருக்கு இந்த மரியாதை தெரியுது?" என்று ஆத்தாவிடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

நான் கையைப் பிடித்தேன். "அப்பச்சி, அண்ணன் இன்னும் ஓம் சொல்லலையே."

"அவன் பங்குனியிலேயே ஓம்னு எழுதிட்டான் சாலா. படிப்புக்குத் தேவையாம், வாங்குறவர் அங்கயே அவன் கையில குடுத்துடுவாராம். நான்தான் தள்ளிக்கிட்டு இருந்தேன். ஆடிவேலுக்கு நீ ஒரு தடவை ஓட்டி முடிச்சப்புறம் குடுப்போம்னு."

"அப்ப ஆடிவேல் வரைக்கும்..."

"பூசணிக்காய் வாசலுக்கு வந்துடுச்சே. வந்ததைத் திருப்பக் கூடாது, உடைச்சப்புறம் வண்டியை வீட்டுல வச்சுக்கவும் கூடாது."

நான் கேட்காமலே எனக்காக ஆடிவேல் வரை ஜீப்பைப் பிடித்து வைத்திருந்தவர் அப்பச்சி. அதை அவர் கையிலிருந்து தட்டிவிட்டது என் பூசணிக்காய்.

குங்குமம் தடவி, சூடம் ஏற்றி, டோரிஸுக்கு முன்னால் உடைத்தார். குண்டுத் துளைக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். சாவியை என் கையில் தந்து, என்னைக்கொண்டே ஹியூபேட்டிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. விற்க வேண்டும் என்றால் விற்க வேண்டும் என்று எனக்கு எழுதியிருக்கலாமே? பேணியை நானே கழற்றியிருப்பேனே, அண்ணே.

விசாலம்


லண்டன்,
21.7.1974

அன்புள்ள சாலாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

நீ ஒரு தடவை 'அந்தக் கள் யார்' என்று கேட்டாய். உன் அண்ணி பேர் மார்கரெட். போன வருடம் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். வைகாசியில் மகள் பிறந்திருக்கிறாள். படிப்பை மாசியிலேயே விட்டுவிட்டேன். ஓர் அறையில் மூன்று பேர் இருக்க முடியாது. வீடு பார்க்க வேண்டியிருந்தது. அங்கிருந்து கடல் தாண்டி எனக்கு வரக்கூடியது டோரிஸ் ஒன்றுதான். உன்னிடம் சொன்னால் நீ அப்பச்சியிடம் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன்.

பூசணிக்காய் விஷயத்தில் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டாய். நானே நம்பிவிட்டேன். நீ என்னை மிஞ்சிவிட்டாய், ஒத்துக்கொள்கிறேன்.

ஓர் உதவி. அப்பச்சிக்கு எதுவும் தெரிய வேண்டாம். அவர் நெஞ்சு தாங்காது. ஜீப் என் படிப்புக்குப் போனதாகவே இருக்கட்டும். சின்ன வயதில் நாம் இருவரும் சேர்ந்து எத்தனை குறும்பு செய்து மறைத்திருக்கிறோம்! இதையும் அதில் ஒன்றாக வைத்துக்கொள்.

குழந்தைக்கு உன் பேரையும் சேர்த்து வைத்திருக்கிறோம். உன்னைப் போலவே முறைக்கிறாள்.

என்றும் உன்
அண்ணன்


உ
கொட்டாஞ்சேனை,
11.8.1974

அண்ணனுக்கு,

அப்பச்சி நலம். ஆத்தா நலம்.

ஆடிவேல் நன்றாக நடந்தது. தண்ணீர்ப் பீப்பாயை ஏற்ற வாடகைக்கு ஒரு லொறி பிடித்தார்கள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு யாரோ ஒருவர் ஓட்டினார். அப்பச்சியும் நானும் தேருக்குப் பின்னால் காலி வீதி முழுக்க நடந்தோம். லொறிக்காரர் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம் அப்பச்சி பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். ஜீப் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம், "பெரியவன் படிப்புக்குக் குடுத்துட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உங்களுக்காக இல்லை. அவருக்கு ஜீப்தான் போயிற்று, மகனும் போகவேண்டாம் என்று. இதைக் குறும்பு என்று எழுதியிருந்தீர்கள். குறும்பு என்றால் கடைசியில் எல்லாரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். இதில் யார் சிரித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஜீப் போன மறுவாரமே பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பௌஸி நானா, "வாங்க டிரைவர் மேடம்" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி. அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன்.

"நான் சொல்லேல்லண்டு இப்ப மட்டும் எப்படி மகள் தெரிஞ்சுது?"

"அண்ணன்தான் நானா சொன்னது. ஹியூபேட்டுக்கு."

அவர் பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் போன பிறகும் துடைத்தார். கடைசியில், "ஏகப்பன் தம்பிக்கும் நான்தானே ஓட்டப் பழக்கினது" என்றார். அவரை நம்பாதே என்று நீங்கள் எழுதியதை நான் சொல்லவில்லை. அதையும் என்னிடமே வைத்துக்கொண்டேன். என்னிடம் இப்போது நிறைய இருக்கிறது, வைத்துக்கொள்ள.

அவரிடமே மறுபடி பழகி, லைசென்ஸும் கிடைத்துவிட்டது. பரீட்சை வைத்தவர் என் ரிவர்ஸைத்தான் பாராட்டினார். பின்னால் பார்த்து ஓட்டப் பழகிவிட்டேன்.

டோரிஸ் கப்பலேறி இரண்டு வாரமாகிறது. துறைமுகத்துக்கு நான் போகவில்லை. கடல் காற்றில் அழியாமல் இருந்தால், அப்பச்சி வைத்த சந்தனப் பொட்டும் அங்கே வந்து சேரும். வாங்கினவர் அது என்னவென்று கேட்டால், நம்பி உட்கார்ந்தவனைக் கைவிடாததற்கு வைத்தது என்று சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடிந்தால்.

குழந்தை நலமா? பால் குடிக்கிறாளா? அந்தக் குளிரில் இருமல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் வணக்கம். அவர்கள் இருவரின் நலத்துக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

உங்கள் நலத்தை நான் ஹியூபேட் அங்கிளிடம் கேட்டு அறிந்துகொள்கிறேன்.

விசாலம்